கதைக்குப் படம் போடக் கற்க எந்தக் கல்லூரி?

பிளஸ் டூ தேர்வு முடிந்த கையோடு என் அக்கா மகள் இராஜபாளையத்திலிருந்து ஒரு கட்டு நோட்டுகளுடன் என் வீட்டுக்கு வந்து இறங்கினாள். அவற்றில் பாதி அவளுடைய அப்பாவின் கடையில் மீந்துபோன பழைய பேரேடுகள். வரவு, பற்று என்று கோடு கிழித்த தாள்களின் மேல் பேருந்து நிலையத்தில் பூக்கட்டும் பெண்களையும், தராசுக்குப் பின்னால் கண்ணயரும் கடைக்காரர்களையும், வேப்பமரத்தடி ஆடுகளையும் பால்பாயின்ட் பேனாவால் வரைந்து தள்ளியிருந்தாள். ஒரு பக்கத்தில் மட்டும் பூக்கட்டும் கை நான்கு முறை வரையப்பட்டிருந்தது. முதல் மூன்றிலும் நாரை இழுக்கும் கட்டைவிரல் எங்கோ ஒட்டவைத்ததுபோல் துருத்திக்கொண்டிருக்க, நான்காவதில் அது சரியான இடத்தில் மடங்கி, நாரின் இழுப்பு மணிக்கட்டு வரை தெரிந்தது. படித்த கதைகளுக்கெல்லாம் அவளே படம் போட்டு வைத்திருந்தாள். இதற்கென்றே இல்லஸ்ட்ரேஷன் என்று ஒரு பட்டப்படிப்பு இருக்கிறதாமே, அதை எங்கே படிக்கலாம் மாமா என்பதுதான் அவளுடைய கேள்வி. அதற்குப் பதில் தேடிய இரண்டு மாதங்களில் நாங்கள் ஒப்பிட்டுப் பார்த்தவற்றை, அதே கேள்வியோடு இருக்கும் மற்றப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

என் சார்பு எது என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இருபது ஆண்டுகளாகப் பத்திரிகைகளுக்கும் சிறுவர் நூல்களுக்கும் படம் போட்டுப் பிழைப்பவன் நான்; ஆனால் எந்த ஓவியக் கல்லூரியிலும் படித்ததில்லை. பி.காம். முடித்துவிட்டு விளம்பரப் பலகை எழுதும் கடையொன்றில் தூரிகை பிடிக்கப் பழகியவன். ஆகவே பழைய மாணவன் என்ற பாசம் எனக்கு எந்தக் கல்லூரியின் மேலும் கிடையாது. ஒரு கல்லூரி கொடுத்திருக்கக்கூடியவற்றில் எவையெல்லாம் எனக்குக் கிடைக்காமல் போயின என்ற கணக்கு மட்டும் துல்லியமாக இருக்கிறது. எனக்கு வந்த முதல் வேலையே அந்தக் கணக்கைத் தொடங்கிவைத்தது. வார இதழ் ஒன்றின் சிறுகதைக்காக, ஏ3 தாளில் ஒரு கிழவரின் முகத்தை மிக மெல்லிய பேனாவால் ஆயிரக்கணக்கான குறுக்குக் கோடுகளிட்டு மூன்று நாள் வரைந்தேன். இதழில் அது எட்டு சென்டிமீட்டர் அகலத்துக்குச் சுருங்கி, மலிவுத் தாளில் மை பரவி, மீசையும் வாயும் மோவாயும் ஒரே கறுப்புத் திட்டாக வந்து சேர்ந்தன. குற்றம் முழுவதும் என்னுடையதுதான். அச்சில் எந்த அளவில் வரப்போகிறதோ அந்த அளவை மனத்தில் வைத்துக் கோடிட வேண்டும் என்று எனக்குச் சொல்லித் தர யாரும் இருக்கவில்லை.

தேடலில் முதல் சிக்கல் பெயரிலேயே வந்தது. இந்தியாவின் அரசு நுண்கலைக் கல்லூரிகளில் இல்லஸ்ட்ரேஷன் என்ற பெயரில் தனித் துறையைத் தேடினால் பெரும்பாலும் கிடைக்காது. பயன்பாட்டுக் கலை, காட்சிவழித் தகவல் வடிவமைப்பு, கிராஃபிக் டிசைன், அனிமேஷன் என்று ஏதாவது ஒரு துறைக்குள் அது ஒரு பாடமாகவோ கடைசி ஆண்டின் விருப்பப் பிரிவாகவோ இருக்கும். அந்தப் பெயரிலேயே முழுப் பட்டம் வேண்டுமென்றால் அமெரிக்காவுக்கோ பிரிட்டனுக்கோ கடல் தாண்ட வேண்டும். அல்லது அந்தச் சொல்லை விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் உள்நாட்டுத் தனியார் கல்லூரியின் வாசலில் போய் நிற்க வேண்டும். எனவே பெயரை ஒதுக்கிவிட்டு, தொழிலுக்கு வேண்டியவை எங்கே கிடைக்கும் என்று பார்த்தோம். மனித உருவத்தை நேரில் பார்த்து நாள்தோறும் வரையும் வாய்ப்பு, எழுத்தும் படமும் ஒரே பக்கத்தில் எப்படி உட்காருகின்றன என்ற பயிற்சி, அச்சின் இயல்பை அறிதல், புத்தகம் படிக்கும் பழக்கத்தைக் கெடுக்காத சூழல் ஆகியவற்றை நான் வேண்டியவை என்று கருதினேன். படித்து முடித்து வெளியே வரும்போது தலையில் எவ்வளவு கடன் இருக்கும் என்பதையும் கலைக்குப் புறம்பான செய்தி என்று தள்ளவில்லை. அடுத்த பத்து ஆண்டுகளில் எதை வரைய முடியும், எதை மறுக்க முடியும் என்பதை முடிவு செய்வதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியிலிருந்து தொடங்கினோம். அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் 1850இல் தம் சொந்த முயற்சியில் தொடங்கிய ஓவியப் பள்ளி இது. சில ஆண்டுகளிலேயே அரசின் கைக்கு வந்தது. மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி 1929 முதல் இதை நடத்தினார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற கே.சி.எஸ். பணிக்கர், தம் மாணவர்களையும் தோழர்களையும் சேர்த்துக்கொண்டு 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கினார். இந்த வரலாறு நவீன ஓவியத்தைப் பற்றியது என்றாலும், படம் போட வருபவருக்கு இதற்குள்ளேயே இன்னொரு வரலாறு இருக்கிறது. கோயில் சிற்பங்களைப் பத்திரிகைப் பக்கங்களுக்குக் கொண்டுவந்த சில்பியும், ஆதிமூலமும், ட்ராட்ஸ்கி மருதுவும், மணியம் செல்வனும் இங்கே பயின்றவர்கள். இதற்கு இளைய உடன்பிறப்பான கும்பகோணம் ஓவியப் பள்ளியிலிருந்து வந்தவர் கோபுலு. தமிழ்ப் பத்திரிகைகளில் கதைக்குப் படம் போடும் மரபில் பெரும்பகுதி இந்த இரண்டு இடங்களிலும் பழகிய கைகளிலிருந்து வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

ஆதிமூலத்தை இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். காந்தி நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அவர் வரைந்த காந்தி கோட்டோவியங்களில் கோடு சில இடங்களில் நூலாக ஓடும், சில இடங்களில் நரம்பாகப் புடைக்கும், தோள் முடியும் இடத்தில் அறுந்துபோய் வெள்ளைத் தாளே உடம்பாக நிற்கும். எந்தத் தாளில் அச்சடித்தாலும், எவ்வளவு சுருக்கினாலும் அந்தக் கோடு சாகாது. அதே கைதான் தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தலைப்பெழுத்துகளையும் எழுதியது. எழுத்தும் படமும் வேறு வேறு ஆட்களின் வேலை என்று பிரியாத பயிற்சி இப்படிப்பட்டதுதான், அக்கா மகளுக்கு நான் தேடியதும் இதுதான்.

இக்கல்லூரியின் இளங்கலைப் படிப்பு நான்கு ஆண்டு. வண்ணக்கலை, காட்சிவழித் தகவல் வடிவமைப்பு, தகட்டிலும் மரத்திலும் கீறி அச்செடுக்கும் பதிப்போவியம், சிற்பம், சுடுமண், துகிலியல் என்று துறைகள் பிரிகின்றன. கட்டணம் ஆண்டுக்கு ஆயிரங்களில் அடங்கிவிடுகிறது. கடை வைத்திருப்பவரோ கூலி வேலை செய்பவரோ வட்டிக்கு வாங்காமல் பிள்ளையைச் சேர்க்கலாம். சேர்க்கைக்கு வரைதல் தேர்வு உண்டு. படம் போட விரும்புபவர்கள் பெரும்பாலும் கேட்காமலே காட்சிவழித் தகவல் வடிவமைப்பைத்தான் முதல் விருப்பமாக எழுதுகிறார்கள். இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. விளம்பரம், எழுத்துரு, பக்க அமைப்பு, கணினி எல்லாம் அந்தத் துறையில் வரும். வேலை வாய்ப்பு என்று பார்த்தால் அதுதான் அகன்ற கதவு. ஆனால் கதைக்குப் படம் போடுபவருக்குப் பதிப்போவியம் கொடுப்பதை வேறெந்தத் துறையும் கொடுக்காது என்பது என் எண்ணம்.

அந்தத் துறையில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். துத்தநாகத் தகட்டின் மேல் மெழுகு போன்ற பூச்சைத் தடவி, ஊசியால் கீறி, அமிலத்தில் போட்டு எடுக்கிறார்கள். எத்தனை நிமிடம் அமிலத்தில் கிடந்ததோ அதற்கேற்பக் கோடு ஆழமாகிறது. ஆழத்துக்கேற்ப மை பிடிக்கிறது. இரண்டு கோடுகளை நெருக்கமாகக் கீறிவிட்டால் நடுவிலுள்ள உலோகம் அரித்துப்போய் இரண்டும் ஒன்றாகிவிடும். வலது இடமாக மாறி அச்சாகும் என்பதால் படத்தை இடவலம் மாற்றி யோசிக்கப் பழக வேண்டியிருக்கிறது. மரச்செதுக்கிலும் லினோ செதுக்கிலும் கறுப்பை மிச்சம் வைத்து வெள்ளையைத்தான் வெட்டி எடுக்கிறோம். நான்கு ஆண்டுகள் இதைச் செய்தவர் கிழவரின் மீசையை எட்டு சென்டிமீட்டரில் கறுப்புத் திட்டாக்க மாட்டார். கணினியில் பக்கம் அமைப்பதை ஆறு மாதத்தில் வெளியே எங்கும் கற்றுக்கொள்ளலாம். அச்சு எந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றி ஈரத்தாளை உரித்தெடுக்கும் அந்தப் பழக்கத்தை வீட்டில் கற்க முடியாது.

சென்னையை எடைபோடும்போது கல்லூரிச் சுவருக்கு வெளியே இருப்பதையும் தட்டில் வைக்க வேண்டும். எழும்பூர் அருங்காட்சியகமும் அதன் வெண்கலச் சிற்பக்கூடமும் கன்னிமாரா நூலகமும் கிட்டத்திலேயே இருக்கின்றன. எழும்பூர், சென்ட்ரல் இரண்டு ரயில் நிலையங்களிலும் மனிதர்கள் அசையாமல் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறார்கள், மாடலுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை. ஜனவரியில் புத்தகக் காட்சி நடக்கிறது. 1994இல் தொடங்கிய தாரா, 1996இல் தொடங்கிய தூலிகா போன்ற, படப்புத்தகங்களுக்கென்றே பெயர் பெற்ற பதிப்பகங்கள் இதே நகரில் உள்ளன. இரண்டாம் ஆண்டிலேயே ஒரு பதிப்பாசிரியர் முன் படக் கோப்பை விரித்துவைத்து, இந்தப் பக்கத்தில் குழந்தையின் கண் எங்கே போகும் என்று அவர் கேட்க, பதில் தெரியாமல் விழிக்கும் வாய்ப்பு எல்லா ஊர்களிலும் கிடைப்பதில்லை.

குறை என்று பார்த்தால், அரசு ஓவியக் கல்லூரிகளில் பொதுவாக மாணவரை யாரும் துரத்திப் பிடித்து வேலை வாங்குவதில்லை. சுயமாக உழைக்கும் பிள்ளைக்கு அது விடுதலை; உந்தித் தள்ள ஆள் வேண்டிய பிள்ளைக்கு நான்கு ஆண்டும் மரத்தடியிலேயே கழிந்துவிடும். கணினி வரைதலையும், தன் வேலையைப் பற்றி ஆங்கிலத்தில் நான்கு வரி எழுதிப் பதிப்பகத்துக்கு அனுப்புவதையும், கூலி பேசுவதையும் சொந்தமாகத்தான் பழகிக்கொள்ள வேண்டியிருக்கும். எந்தக் கல்லூரியானாலும் வேலைநாள் ஒன்றில் நேரில் போய்ப் பார்க்கும்படி நான் சொல்வது இதனால்தான். அச்சு எந்திரத்தின் உருளையில் இருக்கும் மை புதிதா, காய்ந்து உதிர்கிறதா, நூலகம் திறந்திருக்கிறதா, பகல் இரண்டு மணிக்கு வகுப்பறையில் எத்தனை பேர் பலகையின் முன் நிற்கிறார்கள் என்று பார்த்தாலே கையேடு சொல்லாதது தெரிந்துவிடும்.

அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனம் அடுத்தது, என்.ஐ.டி. என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958இல் இந்திய அரசுக்கு அளித்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1961இல் சபர்மதிக் கரையில் தொடங்கப்பட்டது. 2014ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனமானது. நாடு முழுவதிலுமிருந்து எழுதுபவர்களில் மிகச் சிலரே உள்ளே போகிறார்கள். இரண்டு கட்டத் தேர்வில் முதலாவது எழுதியும் வரைந்தும் முடிப்பது. இரண்டாவதில் கையில் பொருள்களைக் கொடுத்து ஏதேனும் செய்யச் சொல்கிறார்கள். முடித்த ஓவியத்தின் அழகைவிட, ஒரு சூழ்நிலையைப் பார்த்து அதிலிருந்து எதை யோசிக்கிறோம் என்பதே அங்கே அளக்கப்படுகிறது. இதற்காகவே நடக்கும் பயிற்சி மையங்களில் பயின்ற பத்துப் பிள்ளைகளின் தாள்களை அடுக்கிப் பார்த்தால் ஒரே குடை, ஒரே மழை, ஒரே மூன்றுபுள்ளிக் கண்ணோட்டம் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். தேர்வாளர்களும் பார்த்துச் சலித்திருப்பார்கள்.

இங்கே முதலாண்டு எல்லாருக்கும் பொதுவான அடிப்படை வகுப்பு. அதன்பின் துறை பிரிகிறது. படம் போட வருபவர்கள் கிராஃபிக் டிசைனையோ அனிமேஷன் ஃபிலிம் டிசைனையோ எடுக்கிறார்கள். கதையை நொறுக்கிக் காட்சிகளாக அடுக்கும் ஸ்டோரிபோர்டு பயிற்சிக்கு இணையாக அரசு நுண்கலைக் கல்லூரிகளில் எதுவும் இல்லை. நிறுவனங்களோடு தொடர்பு, வெளியில் சென்று பயிலும் பருவம், கூடப் படிப்பவர்களின் வேகம் எல்லாம் சேர்ந்து மாணவரைத் தூக்கிக்கொண்டு போகும். ஆனால் வடிவமைப்புக் கல்விக்கு வரைதல் ஒரு கருவி. சிக்கலைத் தீர்ப்பதே நோக்கம். காலையில் நான்கு மணிநேரம் ஒரு மனிதரை உட்காரவைத்து அவருடைய காலர் எலும்பை மட்டும் வரைவது அதன் இயல்பிலேயே குறைவாகத்தான் இருக்கும். கட்டணம் ஆண்டுக்குச் சில லட்சங்கள். உதவித்தொகை கிடைக்கக்கூடிய குடும்பம் என்றால் இதை முதலிடத்தில் வைப்பதில் எனக்குத் தயக்கமில்லை. முழுக் கட்டணமும் கட்ட வேண்டியவர்கள் ஒரு முறைக்கு இருமுறை கணக்குப் போட வேண்டும். வயது வரம்பு உண்டு என்பதால், ஒருமுறை தவறினால் ஆண்டுக்கணக்கில் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கவும் முடியாது.

யூசீட் என்ற இளநிலை வடிவமைப்பு நுழைவுத் தேர்வு வழியாக மும்பை ஐ.ஐ.டி.யின் ஐ.டி.சி. வடிவமைப்புப் பள்ளியிலும் சேரலாம். 1969இல் தொடங்கிய நல்ல பள்ளி. இளநிலைப் படிப்பு 2015இல்தான் வந்தது. பொருள், செயலி, பயன்பாடு என்று சிந்தனை போகும் பிள்ளைக்கு அது ஏற்றது. பேரேட்டில் ஆடு வரையும் பிள்ளைக்கு ஏற்றதென்று எனக்குத் தோன்றவில்லை.

குஜராத்திலுள்ள பரோடாவைத் தமிழ்நாட்டில் பெற்றோர் அதிகம் நினைப்பதில்லை; நினைக்க வேண்டும். மகாராஜா சயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் நுண்கலைப் புலம் 1950இல் தொடங்கியது. பழைய ஆங்கிலேயர் காலத்து ஓவியப் பள்ளிகளின் சுமை இல்லாமல், பல்கலைக்கழகத்துக்குள் ஒரு புலமாகவே பிறந்ததால் ஓவியம், சிற்பம், பதிப்போவியம், பயன்பாட்டுக் கலை ஆகியவற்றோடு கலை வரலாறும் சரிசமமாக அமர்ந்திருக்கிறது. படித்துக்கொண்டே வரைவது என்ற பழக்கம் அங்கே சுவரிலேயே ஊறியிருக்கிறது. அதை ஊறவைத்தவர்களில் ஒருவர் கே.ஜி. சுப்ரமணியன். கேரளத்தின் கூத்துப்பறம்பில் 1924இல் ஒரு தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பொருளாதாரம் படிக்கையில் விடுதலைப் போராட்டத்தில் சிறை சென்று, பிறகு சாந்திநிகேதனில் ஓவியம் கற்றவர். பெரிய சுவரோவியங்கள் செய்த அதே கையால் பொம்மையும் செய்தார், குழந்தைகளுக்கான படப்புத்தகங்களையும் எழுதி வரைந்தார். கல்லூரி மாணவர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து பொம்மையும் புத்தகமும் செய்து விற்கும் கலைச்சந்தை அங்கே அவர் காலத்தில் வேர்கொண்டது. குழந்தைக்குப் படம் போடுவது ஓவியத்தில் இரண்டாந்தர வேலை என்ற எண்ணம், தமிழ்நாட்டு ஓவிய வட்டங்களில் இன்னும் அங்கங்கே கேட்கும் அந்த முணுமுணுப்பு, அவரைப் போன்றவர் ஆசிரியராக இருந்த இடத்தில் வேர்பிடிப்பது கடினம்.

செலவு அதிகமில்லாத ஊர். கட்டணமும் தனியார் கல்லூரிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. அச்சுப் பட்டறைக்கும் நூலகத்துக்கும் கலை வரலாற்றுக்கும் சேர்த்து மதிப்பெண் போட்டால் சென்னைக்கு மேலே கூட வைப்பேன். தடை என்னவென்றால் தொலைவும் மொழியும். தெருவில் குஜராத்தி, விடுதியில் இந்தி. பதினேழு வயதில் சாப்பாடும் மொழியும் ஒருசேர மாறும்போது சில பிள்ளைகள் மலர்கிறார்கள், சில பிள்ளைகள் ஓராண்டில் பெட்டியைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கதைக்குப் படம் போடுபவருக்கு இன்னொரு இழப்பும் உண்டு: தமிழில் புதிதாக எழுதப்படும் கதைகளிலிருந்து நான்கு ஆண்டு விலகியிருக்க வேண்டும்.

சாந்திநிகேதனின் கலா பவனத்தையும் இதே தட்டில் வைக்கலாம். 1919இல் தொடங்கிய அதை நீண்ட காலம் வழிநடத்திய நந்தலால் போஸ், தாகூரின் ‘சகஜ் பாட்’ என்ற வங்காள அரிச்சுவடிக்கு லினோ செதுக்கில் படம் போட்டவர். இந்திய அரசியலமைப்பின் கையெழுத்துப் படியைத் தம் மாணவர்களோடு அலங்கரித்தவர். பயிற்றுமுறையில் எனக்கு மிகப் பிடித்த இடம் அதுதான். இராஜபாளையத்திலிருந்து போய்வர ஆகும் நாட்களைச் சொன்னதும் அக்கா முகம் போன போக்கைப் பார்த்து மேற்கொண்டு பேசவில்லை.

மும்பை ஜே.ஜே. பள்ளி 1857இல் தொடங்கியது. அதன் பயன்பாட்டுக் கலைப் பிரிவில் கடைசி ஆண்டில் இல்லஸ்ட்ரேஷனைச் சிறப்புப் பாடமாக எடுக்க முடியும் என்பதால், பெயரளவில் எங்கள் தேடலுக்கு மிக நெருங்கிய அரசு சார்ந்த இடம் இதுவே. மும்பையின் விளம்பர உலகமும் பதிப்புலகமும் கூப்பிடு தூரத்தில். ஆனால் இடங்களில் பெரும்பங்கு மகாராஷ்டிர மாணவர்களுக்கே போகிறது. நகரில் தங்கும் செலவு கட்டணத்தைப் பல மடங்கு தாண்டிவிடும். இந்தப் பள்ளியைப் பற்றிப் பேசும்போது ஆர்.கே. லட்சுமணனுக்கு இங்கே இடம் மறுக்கப்பட்ட கதையைச் சொல்லாமல் விட முடியாது. மைசூரில் பி.ஏ. படித்துவிட்டு, அண்ணன் நாராயணின் கதைகளுக்குப் படம் போட்டு, பிறகு அதே மும்பையில் அரை நூற்றாண்டு கார்ட்டூன் போட்டார் அவர். இதைச் சொன்னதும் அக்கா மகள், அப்படியானால் கல்லூரியே எதற்கு என்று கேட்டாள். லட்சுமணனைப் போல ஒருவருக்குக் கதவு அடைத்தாலும் சுவரில் வழி கிடைக்கும். என்னைப் போன்றவர்களுக்கு உடலமைப்பைக் கற்கவே எட்டாண்டு பிடித்தது என்றேன்.

பெங்களூரு, புனே, சென்னை முதலிய இடங்களின் தனியார் வடிவமைப்புக் கல்லூரிகளைத் தனித்தனியே எடுத்துப் பேசத் தேவையில்லை. முடிவைத் தீர்மானிக்கும் செய்தி எல்லாவற்றுக்கும் பொதுவானது. நல்ல ஆசிரியர்கள் சில இடங்களில் இருக்கிறார்கள், கணினிக் கூடங்கள் புதியவை, வெளிநாட்டு மாணவர் பரிமாற்றம் உண்டு, பிள்ளையைத் துரத்தி வேலை வாங்குகிறார்கள். செலவைப் பார்ப்போம். கட்டணமும் தங்கும் செலவுமாக நான்கு ஆண்டுக்கு 20 லட்சம் கடன் வாங்கினால், 10.5 விழுக்காடு வட்டியில் பத்தாண்டுத் தவணைக்கு மாதம் ஏறத்தாழ 27,000 ரூபாய் கட்ட வேண்டும். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. 24 பக்கப் படப்புத்தகம் ஒன்றை ஒழுங்காக வரைந்து முடிக்க எனக்கு இன்றும் இரண்டு மூன்று மாதம் ஆகிறது. புத்தகம் முடியும் வரை தவணைத் தேதி காத்திராது. ஆகவே கடனோடு வெளியே வரும் பிள்ளை முதல் வேலையாக ஏதேனும் நிறுவனத்தில் செயலிகளுக்குப் பொத்தான் வரையப் போகும். அதில் கேவலம் ஒன்றுமில்லை, ஆனால் அதற்காக இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுக்கவில்லை. சொந்தப் பணத்தில் கட்ட முடிந்த குடும்பங்களுக்கு இந்த எதிர்ப்பு பொருந்தாது.

வெளிநாட்டைப் பற்றி விரைவாகவே சொல்லலாம். அமெரிக்காவில் பிராவிடன்ஸ் நகரிலுள்ள ரோட் ஐலண்ட் ஸ்கூல் ஆஃப் டிசைன் 1877இல் தொடங்கியது. அங்கே இல்லஸ்ட்ரேஷன் ஒரு முழுத் துறை. நியூயார்க்கின் ஸ்கூல் ஆஃப் விஷுவல் ஆர்ட்ஸ் 1947இல் கார்ட்டூனிஸ்டுகளுக்கும் இல்லஸ்ட்ரேட்டர்களுக்குமான பள்ளியாகவே பிறந்தது. நாம் தேடும் படிப்பு அதன் முழு வடிவில் இருப்பது இப்படிப்பட்ட இடங்களில்தான் என்பதை மறைக்க வேண்டியதில்லை. முதலாவதில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 60,000 டாலர் அளவில் வருகிறது. நான்கு ஆண்டுக்கு நம் கணக்கில் இரண்டு கோடி. பிரிட்டனில் மூன்றாண்டுப் படிப்பு என்பதால் ஓராண்டுச் செலவு மிச்சம், அவ்வளவே. ஜெர்மனியில் ஹாம்பர்க் போன்ற இடங்களின் அரசுக் கல்லூரிகளில் கட்டணம் இல்லை, இல்லஸ்ட்ரேஷனுக்குப் பெயர் பெற்ற துறையும் உண்டு. ஆனால் ஜெர்மன் மொழியில் பாடம் கேட்கும் அளவுக்குப் பழகியபின்தான் அந்தக் கதவைத் தட்ட முடியும். என் யோசனை, வெளிநாட்டை முதுகலைக்கு ஒதுக்கிவைக்கலாம் என்பதே. கேம்பிரிட்ஜில் ஆங்கிலியா ரஸ்கின் பல்கலைக்கழகம் நடத்தும் குழந்தைநூல் ஓவிய முதுகலையைப் போன்ற குறுகிய, கூரிய படிப்புகளுக்குப் போகும்போது, என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்த இருபத்திரண்டு வயது ஆளாகப் போகலாம். உதவித்தொகைக்குக் காட்ட அச்சான வேலையும் கையில் இருக்கும்.

இவ்வளவையும் மேசைமேல் பரப்பிவைத்துவிட்டு, சென்னையையும் பரோடாவையும் ஒரே வரிசையில் வைத்தோம், என்.ஐ.டி. தேர்வை எழுதிப் பார்ப்பது, கிடைத்து உதவித்தொகையும் வந்தால் போவது என்று முடிவானது. அவளுடைய அப்பா ஒரு கேள்விதான் கேட்டார்: சென்னையில் படித்தால் வேலை கிடைக்குமா. பத்திரிகைகள் முன்போல வாராவாரம் ஏழெட்டுக் கதைக்குப் படம் கேட்பதில்லை, அந்த உலகம் சுருங்கிவிட்டது. சிறுவர் நூல்களும் பாடநூல்களும் அனிமேஷனும் மறுபக்கம் விரிந்திருக்கின்றன, முதல் மூன்று ஆண்டு இழுபறியாகத்தான் இருக்கும் என்று உள்ளதைச் சொன்னேன். தவணை கட்ட வேண்டியதில்லையே என்றார். கடைக்காரர் அல்லவா, என் பத்துப் பக்கக் கணக்கை ஒரே வரியில் முடித்துவிட்டார்.

துறையில் மட்டும் இன்னும் முடிவு வரவில்லை. நான் பதிப்போவியம் என்கிறேன். அவள் காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்கிறாள், எழுத்துரு வரையக் கற்க வேண்டுமாம். ஆதிமூலத்தைக் காட்டியவனே நான்தான் என்பதால் வாதாட வாய் எழவில்லை. இப்போதைக்கு வரைதல் தேர்வுக்கான பயிற்சி நடக்கிறது: கால் இம்பீரியல் கார்ட்ரிட்ஜ் தாள், கிளிப் வைத்த பலகை, 2பி, 4பி, 6பி பென்சில்கள், முன்னால் ஒரு ஸ்டூலின் மேல் பித்தளைச் செம்பு, முருங்கைக்காய், மடித்த துண்டு. நேரம் இரண்டரை மணி. செம்பின் வாய் வட்டம் நேற்றுவரை கோணலாகத்தான் வந்துகொண்டிருந்தது.